திரையில் தெரியும் தலையாட்டல் ஆமாமா, இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு வீடியோ அழைப்பிலேயே பயிற்சி தரலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தரலாம். வலது கை கால் விழுந்தவரை இரண்டு பஸ் மாற்றி வாரம் மூன்று தடவை நகரத்துக்கு அழைத்துவர எத்தனை குடும்பத்தால் முடியும்? ஆனால் பயிற்சிக்கு முன்னால் மதிப்பீடு என்று ஒன்று உண்டு. கட்டுரை அதை ‘சில கேள்விகள் கேட்பார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. வீடியோவில் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான் என்பதால் இந்தக் கடிதம்.

‘பேச்சு போயிடுச்சு’ என்று வீட்டார் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் தளர்ந்து பேச்சு குழறினால் அது டிஸ்ஆர்த்ரியா. அவருக்குச் சொல் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் இடது கையால் கிறுக்கியாவது காட்டிவிடுவார். அஃபேசியாவில் மொழியே குலைகிறது. பேச மட்டுமல்ல, கேட்டுப் புரிந்துகொள்ளவும் படிக்கவும் எழுதவும் தடுமாற்றம் வரும். மூன்றாவது அப்ராக்ஸியா. தசையில் பலம் இருக்கும், வாயை எப்படி வைப்பது என்பது மட்டும் பிடிபடாது; ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரக்கூடும். ஒருவருக்கே இரண்டு சேர்ந்தும் வரலாம். பயிற்சி மூன்றுக்கும் வேறு. அஃபேசியாக்காரரை ‘நாக்கைச் சுழற்று, பலூன் ஊது’ என்று ஒரு மாதம் வேலை வாங்கினால் பலூன்தான் செலவு.

பேச வராதவருக்குப் புரியாது என்றும், சரளமாகப் பேசுகிறவருக்குப் புரியும் என்றும் நினைப்பது இன்னொரு தவறு. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளியின் வாயில் பெரும்பாலும் ‘டான்’ என்ற ஒலிதான் வரும். பிறர் சொல்வது பெருமளவு புரிந்தது. 1874இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே விவரித்தவர்கள் நேர்மாறு: பேச்சு ஆறாக ஓடும், கேட்டது மண்டையில் ஏறாது. ஆகவே புரிதலைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

தமிழில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலச் சோதனைகளில் புரிதலைப் பார்க்கக் கேட்கும் ஆமாம்-இல்லை கேள்விகளுக்குப் பதில் ‘யெஸ்’, ‘நோ’ என்ற இரண்டே சொல்தான். நாம் அப்படிப் பதில் சொல்வதில்லை. ‘சாப்பிட்டீங்களா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’, ‘காபி வேணுமா?’ என்றால் ‘வேண்டாம்’, ‘தெரியுமா?’ என்றால் ‘தெரியாது’. கேள்வியின் வினைச்சொல்லையே பிடித்துத் திருப்பித் தருகிறோம். வினைச்சொல் கிடைக்காமல் தவிக்கிறவர் கடைசியில் எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ சம்மதமாகவும் இருக்கலாம், ‘கேட்டுக்கிட்டிருக்கேன்’ என்பதாகவும் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் மகள் அதை ‘ஆமாம்’ என்று மொழிபெயர்த்துவிடுவாள். தலையாட்டலோ அதைவிட மோசம். பக்கவாட்டில் ஆடும் நம் ஊர்ச் சம்மதத்துக்கும் மறுப்புக்கும் உள்ள வித்தியாசம், விட்டு விட்டு வரும் வீடியோவில் தெரியவே தெரியாது.

இதற்கு வழி இரண்டு அட்டைகள்: ஒன்றில் பச்சை டிக், இன்னொன்றில் சிவப்புப் பெருக்கல் குறி. மூளையின் இடப்பக்கம் அடிபட்ட பலருக்குப் பார்வையின் வலப்பாதி மறைந்திருக்கும் என்பதால், அட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அவருடைய இடது கைப்பக்கம் வையுங்கள். முதலில் கரண்டியைக் காட்டி ‘இது கரண்டியா?’, ‘இது சீப்பா?’ என்று கேட்டு அட்டையைத் தொடப் பழக்க வேண்டும். பழகிய பிறகே சோதனை. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு பக்கமாகவும் கேட்க வேண்டும்: ‘பால் வெள்ளையா?’ என்று ஓரிடத்தில், ‘பால் கறுப்பா?’ என்று பின்னால் இன்னோரிடத்தில். இரண்டுக்கும் பச்சையைத் தொட்டால் இரண்டுமே கணக்கில் சேராது. ஜோடி பார்க்காமல் தனித்தனியாக எண்ணினால், 20 கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சுமார் 10 சரியாக வந்துவிடும். 12 சரி என்று மகிழ ஒன்றுமில்லை. 15க்கு மேல் வந்தால்தான் புரிதல் என்று நம்பலாம்.

கேட்கும் தமிழும் முக்கியம். ‘அவர் கடிதம் எழுதுகிறார்’ என்று ஏட்டுத் தமிழில் கேட்டு, பள்ளிக்கூடம் போகாத பாட்டி விழித்தால் அது நோயல்ல. ‘வாளப்பளம்’ என்றால் பிழை என்று குறிக்கும் முன், ‘முன்னாடியும் இப்படித்தான் சொல்வாங்களா?’ என்று வீட்டாரிடம் கேட்டுவிட வேண்டும்.

கருவி வைக்கும் விதம் பற்றிச் சுருக்கமாக. போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கண்ணாடி போடுகிறவர் போட்டிருக்க வேண்டும். காது மந்தமா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். படங்களைத் திரையில் காட்டினால் எந்தப் படத்தைத் தொட்டார் என்பது பயிற்சியாளருக்குத் தெரியாது. அச்செடுத்து மேசையில் அடுக்கி, இன்னொரு போனை மேசையைப் பார்க்க வையுங்கள். துணைக்கு இருப்பவர் நோயாளிக்குப் பின்னால் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் அவருடைய கண் சரியான படத்துக்குத் தானாகப் போகும்; நோயாளி படத்தைப் பார்க்காமல் அந்தக் கண்ணைப் பார்ப்பார்.

குரல் கோளாறுக்கு வருவோம். இங்கே ஏமாற்றுவது செயலி. அழைப்புச் செயலிகள் இரைச்சலைத் தாமாகவே வடிகட்டுகின்றன, மெலிந்த ஒலியைத் தூக்கிவிடுகின்றன. பார்க்கின்சன் நோயில் (நடுக்குவாதம்) குரலைப் பற்றி அடிக்கடி வரும் புகார் சத்தம் தேய்வதுதான். அதைச் செயலி தூக்கிக் கொடுத்தால் பயிற்சியாளர் காதுக்கு எல்லாம் நலம். ‘ஆ’ என்று ஒரே மூச்சில் நீட்டச் சொன்னால், மாறாத அந்த ஒலியை ஃபேன் சத்தம் என்று நினைத்துச் செயலி நடுவிலேயே வெட்டிவிடும். நல்ல நுரையீரல் உள்ள வளர்ந்தவர் பொதுவாக 15 நொடிக்கு மேல் நீட்டுவார். 10க்குக் கீழே போனால் சந்தேகம். வெட்டிய ஒலியை அளந்தால் எல்லாருமே சந்தேகத்துக்குரியவர்கள்தான். ஸூமில் ஒலியை மாற்றாமல் அனுப்பும் அமைப்பு உண்டு, அதைப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்லது, ஃபேனை அணைத்துவிட்டு, வாயிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் போனை வைத்து, அதிலுள்ள ரெக்கார்டரில் மூன்று தடவை பதிவதுதான். கோப்பாக அனுப்புங்கள், வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜாக வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும்.

இன்னொரு வேடிக்கை. ‘ஸ்’ஸை எவ்வளவு நேரம் நீட்டுகிறார், அதன் அதிர்வுள்ள ஜோடியான ஆங்கில ‘இஸட்’ ஒலியை எவ்வளவு நேரம் நீட்டுகிறார் என்று வகுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. விகிதம் 1.4ஐத் தாண்டினால் குரல்நாணில் கட்டி, தடிப்பு இருக்கலாம் என்பது கணக்கு. அந்த இரண்டாவது ஒலி தமிழில் கிடையாது. ஆங்கிலம் பழகாதவர் இரண்டு தடவையும் ‘ஸ்’ என்றே சொல்வார். விகிதம் ஒன்றை ஒட்டியே வரும், ‘குறையில்லை’ என்று எழுதிவிடுவார்கள்!

மூன்று வாரம் தாண்டியும் குரல் கம்மியிருந்தால், புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் கட்டாயமாக, காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணை நேரில் பார்த்த பிறகே பயிற்சி. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்பவரையும் வீடியோவில் சோதிக்கக் கூடாது.

மற்றபடி, பயிற்சியில் பல வீடியோவுக்கு ஒத்துவரும். பார்க்கின்சனுக்கான குரல் பயிற்சி (வாரம் 4 நாள், 4 வாரம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்) இணையவழியிலும் நேரில் தருவதற்கு இணையான பலன் தந்ததை 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒத்துவராதது, அஃபேசியாக்காரரோடு சேர்ந்து பாடுவது. பெயர் சொல்ல வராதவர் பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுவதைப் பார்த்து உருவான முறை அது. இருவர் குரலும் ஒன்றாகப் போக வேண்டும். வீடியோவில் ஒலி சற்றுத் தாமதமாகச் சேர்வதால் தாளம் கெட்டுவிடும். ஆகவே கூடப் பாடுவதும், அவருடைய இடது கையைப் பிடித்து அசைக்கு அசை தட்டுவதும் வீட்டில் இருப்பவர் வேலை. பயிற்சியாளர் பார்த்துத் திருத்தலாம். சொல் எடுத்துக்கொடுக்கும்போதும் வீட்டார் அவசரப்படுகிறார்கள். ‘தண்ணீர்’ வரவில்லையென்றால் 10 நொடி காத்திருங்கள்; பிறகு ‘தாகம் எடுத்தா குடிப்போமே?’, அதற்கும் வராவிட்டால் ‘த…’ என்று தொடங்கிக் கொடுங்கள், முழுச்சொல் கடைசியில்தான்.

யாரிடம் போவது என்று கேட்பவர்களுக்கு: பயிற்சியாளரிடம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் (RCI) பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நிலையான அஃபேசியாவும், குரல்வளையை அகற்றியதால் வந்த பேச்சிழப்பும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

கட்டுரையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். ‘ஆறு மாதத்துக்குப் பிறகு பேச்சு திரும்பாது’ என்று அச்சாகியிருக்கிறது. முதல் சில மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதன் பிறகும், ஒரு வருடம் கழிந்தவர்களுக்கும்கூட, முறையான பயிற்சியில் முன்னேற்றம் கிடைக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டு யாராவது பயிற்சியை நிறுத்தியிருக்கக்கூடும் என்பதால், திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேச்சு மொழிப் பயிற்சியாளர்கள் இருவர்,
மதுரை