உயில் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள்: ஆண்டு மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆண்டு மலர்க் குழுவினருக்கு,

இந்த முறை மலரில் ‘விடைபெறுகிறவர்களின் உயில்’ பக்கம் வேண்டாம் என்று பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். மாணவர்களில் பாதிப் பேர் வேண்டும் என்றார்களாம், ஆசிரியர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றார்களாம். நானும் ஆசிரியர்தான். அந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் பல வருடம் திருத்திக் கொடுத்தவள். இரண்டு தரப்புக்கும் பொல்லாதவளாகப் போகிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

வெளியார் யாராவது படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. படிப்பு முடித்துப் போகிறவர்கள் உயில் எழுதுவது போல விளையாட்டாக எழுதி, தங்களிடம் உள்ளதையெல்லாம் நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பின்னால் வரும் வகுப்புக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். “நல்ல நினைவோடும், எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல் (வகுப்புத் தலைவனின் நச்சரிப்பு நீங்கலாக) எழுதி வைக்கும் உயில் என்னவென்றால்…” என்று தொடங்கும். ஜன்னலோர இருக்கை, அதில் வரும் தூக்கத்தோடு சேர்த்து ஒருவருக்கு. வீட்டுப்பாடம் எழுதாததற்கு மூன்று வருடம் சேர்த்து வைத்த காரணங்கள், ‘ஒரு முறையே பயன்படுத்தியவை’ என்ற குறிப்போடு இன்னொருவருக்கு. கடைசி பெஞ்சை மட்டும் ஒரு பையன் யாருக்கும் கொடுக்கவில்லை. அது பூர்வீகச் சொத்து, உயில் எழுதிக் கொடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று எழுதியிருந்தான். அவன் இப்போது என்ன படிக்கிறானோ, சட்டம் படித்தால் நல்லது.

வேண்டாம் என்கிறவர்கள் சொல்லும் முதல் காரணம், இது இப்போதைய பிள்ளைகளின் துடுக்குத்தனம் என்பது. இல்லை. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே விடைபெறும் வகுப்புக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, வகுப்பின் வரலாறு, வகுப்பின் ஆருடம், வகுப்பின் உயில் என்று வாசித்திருக்கிறார்கள். அதற்கும் மிக முன்னால், 4ஆம் நூற்றாண்டு வாக்கில், லத்தீனில் ஒரு பன்றிக்குட்டியின் உயில் எழுதப்பட்டது. சமையல்காரன் கத்தியோடு வந்து நிற்கிறான். பன்றி ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டு உயில் சொல்கிறது. தன் முள்மயிரைச் செருப்புத் தைப்பவர்களுக்கு, காதைச் செவிடர்களுக்கு, நாக்கை வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும், சிறுநீர்ப்பையைப் பையன்களுக்கு. கீழே முறைப்படி ஏழு சாட்சிகள். அவர்களில் ஒருவர் பெயருக்குச் ‘சீரகம் போட்டவர்’ என்று பொருள். பள்ளிப் பையன்கள் இதைக் கூட்டமாக ஒப்பித்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று 420இல் இறந்த புனித ஜெரோம் அலுத்துக்கொண்டார். நமது ஆசிரியர் அறையில் கேட்கும் அலுப்பும் அதே சுருதிதான்.

அப்புறம், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்த வியோன் என்ற கவிஞன். 1456இல் ஊரை விட்டுப் போவதாகச் சொல்லி ஒரு விளையாட்டு உயிலைச் செய்யுளில் எழுதினான். முடி வெட்டுகிறவருக்குத் தன் வெட்டிய முடி, செருப்புத் தைப்பவருக்குத் தன் பழைய செருப்பு.

இந்தப் பன்றியையும் கவிஞனையும் இவ்வளவு தூரம் இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. வேண்டாம் என்கிறவர்களின் இரண்டாவது காரணத்தை என்னால் தள்ள முடியவில்லை. உயில் என்ற பெயரில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் புண்படுத்துகிறார்கள் என்பது உண்மை. நானே அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வகுப்பில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே அதிகம் பேசுகிற பையன் தன் உயிலில் அவளுக்கு ‘ஒரு ஒலிபெருக்கி’ எழுதி வைத்தான். வேலை மும்முரத்தில் படித்தேன், சிரித்தேன், அனுப்பிவிட்டேன். மலர் வந்த அன்று எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். மாலையில் வகுப்பறையைப் பூட்டப் போனபோது அவள் மேசைக்குள் அந்த மலர் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். உயில் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததிலேயே அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

அந்த ஒலிபெருக்கியில் என்ன தவறு என்று நெடுநாள் யோசித்தேன். சொல் நாகரிகமாகத்தான் இருந்தது. கெட்ட எண்ணம்கூட இல்லை. கடைசியில் பிடிபட்டது, உயிலின் அடிப்படை விதிதான்: தன்னுடையதை மட்டுமே ஒருவர் எழுதி வைக்க முடியும். அந்தப் பையனிடம் ஒலிபெருக்கி ஏது? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. அவன் கொடுத்தது சொத்து இல்லை, அவளுடைய குறை என்று அவன் நினைத்த ஒன்றைப் பரிசுக் காகிதத்தில் சுற்றி அவளிடமே நீட்டியது. ‘சீப்பு’, ‘கடிகாரம்’, ‘எடை பார்க்கும் கருவி’ என்று வருவதெல்லாம் இந்த வகைதான். அதே பையன், “ஓயாத என் வாயில் பாதியை அவளுக்குத் தருகிறேன், தாங்க முடியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைக்கலாம்” என்று எழுதியிருந்தால் வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்திருக்கும். அவளும் சேர்த்து.

பன்றிக்குட்டியைப் பாருங்கள். அது கொடுத்தது முழுக்கத் தன் உடம்பை. வக்கீலைக் கேலி செய்கிறது, ஆனால் அறுத்துக் கொடுப்பது தன் நாக்கை.

வியோன் இந்த விதிக்குள் முழுதாக அடங்க மாட்டான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆதரவற்ற மூன்று சின்னக் குழந்தைகளுக்கு என்று அவன் உருகி உருகி எழுதி வைத்த பகுதியில், அந்தக் ‘குழந்தைகள்’ உண்மையில் பணக்காரக் கிழட்டு வட்டிக்காரர்கள். குத்தல்தான், ஆனால் மேல் நோக்கிப் போன குத்தல். ஆசிரியர்களைப் பற்றிய கேலியில் நான் எப்போதும் கொஞ்சம் தாராளமாக இருந்ததற்கு இதுதான் நியாயம். மதிப்பெண் போடுகிற கை நம்முடையது. வருடத்துக்கு ஒரு பக்கம் தாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு வந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மணி அடித்த பிறகு “இன்னும் ஒரே ஒரு நிமிஷம்” என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டு விடுவது என் பழக்கம். ஒரு பையன் எழுதினான்: “மணி அடித்த பிறகு டீச்சர் என்னிடம் எடுத்துக்கொண்ட 312 நிமிஷங்களை, வட்டி வேண்டாம் என்று சொல்லி அவருக்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.” கீழே கணக்கு வேறு. தேர்வில் ஒரு நாளும் எழுதாத படிகளை எல்லாம் எழுதிக் காட்டியிருந்தான். சரிபார்த்தேன், 12 நிமிஷம் கூடுதல். விடுமுறை நாட்களைக் கழிக்க மறந்திருக்கிறான். அச்சில் திருத்தவில்லை. அவன் கொடுத்தது அவனுடைய நேரம், அதைக் கூட்டிக் கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு.

எனவே பக்கத்தை எடுக்காதீர்கள். சட்டத்திடமிருந்து இன்னும் இரண்டு விதிகளைக் கடன் வாங்குங்கள், போதும். உயிலில் தனக்கு எழுதி வைத்ததை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆகவே அச்சுக்குப் போகும் முன் பெயர் உள்ளவர் ஒவ்வொருவரும் தன் வரியைத் தனியாகப் படிக்கட்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்காதீர்கள். இன்னொன்று, உயிலால் லாபம் அடைகிறவர் அதற்குச் சாட்சியாக நிற்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் ஏற்பதில்லை. கூட்டாளிகள் ஐந்து பேர் எழுதி, அதே ஐந்து பேர் படித்துப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்வது சாட்சியம் ஆகாது. கூட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் படிக்க வேண்டும். என்னைப் போல அவசரத்தில் படிக்கிற ஆசிரியராக அவர் இல்லாமல் இருப்பது நல்லது.

சட்டத்தில் வழி இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. யாரும் எதுவும் எழுதி வைக்காத பிள்ளைகள். ஒலிபெருக்கி கிடைத்தவளுக்கு வலித்தது, ஒன்றுமே கிடைக்காதவர்கள் பக்கத்தை மூன்று முறை தேடிவிட்டு மூடி வைக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டால் ‘நல்ல தோழி, வாழ்த்துகள்’ என்று உயிரில்லாத வரிகள் வந்து நிறையும். எனக்குத் தெரிந்து ஓரளவு வேலை செய்தது, ஆளுக்கு எழுதாமல் இடத்துக்கு எழுதச் சொன்னது: ‘அடுத்த வருடம் என் இருக்கையில் உட்காரப் போகிறவருக்கு’, ‘நூலகத்தில் இந்தப் புத்தகத்தை எனக்கு அடுத்து எடுப்பவருக்கு’. வாங்கப் போகிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் விடுபட்டவரும் கண்ணில் பட மாட்டார். முழுத் தீர்வு இல்லை. இதைவிட நல்லதாக ஒன்று உங்களில் யாருக்காவது தோன்றலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த வருடம் நானும் ஓய்வு பெறுகிறேன். விடைபெறுகிறவர்கள் யாரும் எழுதலாம் என்றால் என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 30 சொல்தான் என்றார்கள்.

“நல்ல நினைவோடு எழுதுவது: என் வசம் உள்ள 300 நிமிஷங்களை எனக்குப் பின் வரும் கணக்கு ஆசிரியருக்கு எழுதி வைக்கிறேன். மணி அடித்த பிறகு மட்டுமே செலவழிக்க வேண்டும். மிச்சம் 12 நிமிஷம், பையன் கணக்கில் கூடுதலாகப் போட்டது, அதை நானே வைத்துக்கொள்கிறேன். அப்புறம் இன்னும் ஒரே ஒரு”

30 தாண்டிவிட்டது. எங்கே வெட்டுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்