மாயாற்றின் கரைமரங்களுக்குத் தனித் தீக்காப்பு வேண்டும்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

நீலகிரியின் வடபுறம், மாயாற்றை ஒட்டிய சீகூர் பீடபூமியில் கோடையில் தீ பரவுவதும், தங்கள் களப்பணியாளர்கள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அதை அணைக்க ஓடுவதும் தாங்கள் அறியாதவை அல்ல. ஓர் ஓடைக்கரையில் முதிர்ந்த நீர்மருது ஒன்று அடிமரம் கருகிச் சாய்ந்து கிடந்ததைக் கண்ட வேதனையில், கரைமரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

புல்லும் சிதறிய மரங்களுமான மேட்டுநிலம் எரிந்தால், அடுத்த மழையில் புல் தழைத்துவிடும். வெக்காலியும் தேக்கும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். கரைக்காடு அப்படிப்பட்டதன்று. நீர்மருதும் நாவலும் புங்கும் நெருங்கி நின்று நிலத்தை ஈரமாக வைத்திருப்பதால், மேட்டிலிருந்து இறங்கும் தீ பெரும்பாலும் கரையின் விளிம்பிலேயே தணிந்துவிடும். அந்த விளிம்பில் இப்போது உண்ணிச்செடி (லண்டானா) என்னும் அயல்நாட்டுப் புதர் மண்டிக் கிடக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் அந்தக் காய்ந்த புதர் வழியே தீ உள்ளே நுழைந்து, முதுமரங்களின் அடிப்பொந்துகளில் நாள்கணக்கில் கனன்று, மரத்தையே சாய்க்கிறது. அது சாய்ந்த இடத்தில் வெயில் விழுந்து புல்லும் புதரும் ஏற, அடுத்த தீக்கு வழி இன்னும் எளிதாகிறது.

வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடு கட்டுவது இந்த நீர்மருதுகளில்தான். கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்றபோது நஞ்சாகி, 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்த இனம் அது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. தென்னிந்தியாவில் அவை ஓரளவேனும் எஞ்சியிருக்கும் முதன்மையான இடம் மாயாற்றுப் படுகை. ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு பறக்க இயலாமல் கூட்டில் இருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தாம் தீயின் மாதங்களும். புகை சூழ்ந்தால் தாய்ப்பறவை எழும்பிப் போகலாம். குஞ்சு எங்கே போகும்? மரமும் போய்விட்டால், அதே உயரமும் கவையும் கொண்ட இன்னொரு நீர்மருது வளர ஒரு மனித ஆயுள் வேண்டும்.

ஆதலால் கேட்பது ஒன்றே. தீக்காலம் தொடங்குமுன், பாறுகள் கூடு கட்டும் ஓடைகளின் வெளிவிளிம்பில், கூடுகளுக்கு இடையூறில்லாத தொலைவில், உண்ணிச்செடியை அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமையுங்கள். சாலையோரம் கோடு வெட்ட முடிகிறதென்றால், ஆற்றோரம் ஏன் முடியாது?

2019 பிப்ரவரியில் அண்டைக் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காடு எரிந்தபோது எல்லாரும் ஏக்கர்களையே எண்ணினோம். பரப்பளவில் கரைக்காடு மெல்லிய கீற்று. அதன் இழப்பு அந்த எண்ணுக்குள் மறைந்துபோகிறது. முன்கோடையில் சிறு தீயிட்டுப் புதரைக் கட்டுக்குள் வைத்திருந்த சோளகர் பழங்குடியினரின் அறிவைச் சட்டத்தால் விலக்கிவிட்டு, புதர் மண்டிய பின் அவர்கள் பிள்ளைகளையே தீயணைக்க அழைப்பது என்ன நியாயம்? ஒருபுறம் மரக்கன்று நடும் விழாக்கள் நடக்க, மறுபுறம் நூறாண்டு மரம் ஒரு புதரால் எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் எனக்கு விளங்கவில்லை.

சொற்களில் கடுமை தென்பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். எரியும் காட்டுக்குள் முதலில் இறங்குபவர்கள் தங்கள் துறையினரே என்பதை மறக்கவில்லை. வரும் தீக்காலத்துக்கான திட்டத்தில் கரைக்காட்டுக்கெனத் தனித் தலைப்பும் நிதியும் ஒதுக்கி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன் பணியைத் தொடங்குமாறும், அதில் இருளர், சோளகர் ஊர்களின் கிராம சபைகளைக் கலந்தாலோசிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாயாற்றுப் படுகையின் நலம் நாடும் குடிமகன்