கேமராவைக் கழற்றிவிட்டேன், அண்ணே

அன்புள்ள அண்ணே,

அப்பாவின் முதல் திதி முடிந்த மறுநாளே அம்மா வீட்டு ஹாலில் நீ மாட்டியிருந்த கேமராவைக் கழற்றிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், நானும் பேசாமல் இருந்திருப்பேன். அதன் எதிரே உட்காரும்போதெல்லாம் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொள்வார். சொந்த வீட்டில், அண்ணே.

எனக்கு அறிவியல் புனைவுப் படங்களைப் பழக்கியதே நீதான். 'வால்-ஈ' (2008) பார்த்தபோது, "ரோபோவை விடு, அந்த நாற்காலி ஆளுங்களைப் பாரு" என்றாய். மிதக்கும் நாற்காலி, முகத்துக்கு நேரே திரை. ஒரு பெண்ணின் திரை அணைந்த பிறகுதான் கப்பலில் நீச்சல் குளம் இருப்பதே அவளுக்குத் தெரிகிறது. அதை எத்தனை முறை சொல்லி வியந்திருப்பாய்!

அப்புறம் அந்தத் தைப்பூச மாலை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் ஏறிய அப்பா, சோபாவில் சாய்ந்து "கால் இழுக்குதுப்பா" என்றார். நீ பக்கத்தில்தான் இருந்தாய். போனை எடுத்து, அவர் கைக்கடிகாரம் அனுப்பிய கணக்கைப் பார்த்தாய். "ஆயிரத்துச் சொச்சம் அடிதானே நடந்திருக்கீங்க, துடிப்பு நார்மல்" என்றாய். அப்பா கால்களைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. அன்றிரவே நான்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டேன்.

ஆனால் நான் சொல்வேன். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் ஆழ்துயிலில் கிடக்கும் மூன்று பேரின் உயிர் ஹால் கணினியின் பொறுப்பில் இருக்கும். அதுவே அவர்களைக் கொல்லும்போது திரையில் கோடுகள் நேராகும், உயிரியக்கம் நின்றுவிட்டதென்று எழுத்து வரும். எல்லோரும் ஹாலின் துரோகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த அறையில் ஒரு மனுசர்கூட இல்லாததுதான் தாங்கவில்லை. திரை சொன்னது சரிதான், அந்த நேரத்திலும் துல்லியமாகத்தான் சொன்னது. உன் போனும் பொய் சொல்லவில்லை.

கடிகாரத்தை நீ பாசத்தில்தான் வாங்கினாய், தெரியும். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டே வாங்கினாய். "மகன் கோலாலம்பூரிலிருந்து என் நெஞ்சைப் பார்த்துக்கிட்டே இருக்கான்" என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் அப்பா கையை நீட்டிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. தினமும் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த என்னைப் பற்றி அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

கேமரா உன் பழைய அறை மேசை டிராயரில் இருக்கிறது. கோலாலம்பூர் சென்ட்ரலில் ஈடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், பட்டர்வொர்த்துக்கு. அம்மாவுக்கு இப்போது முட்டி வலி. தயவுசெய்து அவருக்குக் கடிகாரம் எதுவும் வாங்கி அனுப்பாதே.

உன் தங்கச்சி