சித்தப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஆண்டிபட்டி, தேனி, உசிலம்பட்டிச் சொந்தங்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், சித்தப்பாவோடு தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

கேத வீட்டில் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். அன்றைக்கு நீங்கள் யாரும் சொல்லாமல்தான் போனீர்கள். நானும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கருமாதி முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வீடு வீடாக வர முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வந்தவர்களில் பாதிப் பேர் அவரை என் அப்பாவின் தம்பி என்றே நினைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா என்று கூப்பிட்டால் அப்படித்தானே நினைப்பார்கள். அவர் என் அம்மாவைக் கட்டிக்கொண்டவர். என்னைப் பெற்ற அப்பா மஞ்சள்காமாலையில் போனபோது எனக்கு நான்கு வயது. 1986-ல், எனக்கு ஆறு வயதில், இவர் வீட்டுக்கு வந்தார். 'என்னன்னு கூப்பிடுறது?' என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா யோசிப்பதற்குள் அவரே, 'சித்தப்பான்னு கூப்பிடு, போதும்' என்றார். அன்றோடு முடிந்தது அந்தப் பேச்சு.

முதல் நன்றி சித்தப்பாவின் பங்காளிகளுக்கு. சுடுகாட்டில் ஒருவர், பங்காளி வகையில் ஆள் இருக்கும்போது வேறு வீட்டுப் பிள்ளை எப்படிக் கொள்ளி வைப்பது என்று கேட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முறை தெரிந்தவர், முறையைக் கேட்டார். ஆனால் அந்த நேரத்தில் என் கால் நிற்கவில்லை. என் தங்கை, அவருக்குப் பிறந்த பெண், கூட்டத்தைப் பார்த்து, 'எங்கண்ணன்தான் வைக்கணும்' என்றாள். குரல் உடைந்திருந்தது. அதற்கு மேல் யாரும் பேசுவதற்குள் சித்தப்பாவின் பெரியப்பா மகன், எண்பது தாண்டியவர், தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். 'முப்பத்தெட்டு வருசம் அவன் சோறு போட்டு வளர்த்த புள்ளை. குடத்தை இவன் தோள்ல ஏத்துங்கப்பா' என்றார். அவ்வளவுதான். ஏற்றினார்கள். பெரியப்பா, அந்தக் குடத்தோடு மூன்று சுற்று வந்தபோது நான் அழுதது சித்தப்பாவுக்காக மட்டும் இல்லை.

வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறோம். அதில் அம்மா பெயரும் தங்கை பெயரும் மட்டும்தான் வரும். சட்டம் அப்படி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பாவே இந்த விஷயத்தில் கறாரானவர். பள்ளியில் சேர்த்தபோது என் இனிஷியலை மாற்றிவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். 'அவங்கப்பன் பேரு அவனோட இருந்துட்டுப் போகட்டும்' என்று மறுத்துவிட்டார். பத்தாம் வகுப்பு வரை என் ரேங்க் கார்டில் அவர் கையெழுத்துப் போட்ட இடத்தில் எல்லாம் 'பெற்றோர்' என்பதை அடித்துவிட்டுப் 'பாதுகாவலர்' என்பதை விட்டுவைத்திருப்பார். சின்ன வயதில் அது எனக்கு வலித்தது. வருடாவருடம் என் அப்பா இறந்த நாளில் படத்துக்குப் போடும் மாலையை இந்த மனிதர்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் என் மண்டையில் ஏறியது.

அடுத்தது அவரோடு தண்டவாளத்தைப் பராமரித்த கேங்க் ஆட்கள். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? ஆனாலும் என் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். சித்தப்பா மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையில் கீமேன். காலையில் சுத்தியல், ஸ்பேனர், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைத்துக் கட்டுகிற வெடி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்புவார். போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், வரும்போது மற்றதை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கிற இரும்பு ஆப்புக்குச் சாவி என்று பெயர்; கழன்ற சாவியை அடித்து இறுக்க வேண்டும், இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற ஃபிஷ்பிளேட் தகட்டின் போல்ட்டை முடுக்க வேண்டும். விடுமுறை நாளில் என்னையும் கூட்டிப்போவார். 'கண்ணால பார்க்காதே, காதால கேளு' என்பார். இறுகின சாவியைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். தளர்ந்ததைத் தட்டினால் ஓட்டைப் பானை. நான்கு மைல் நடந்து அலுத்துப்போனபின், ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் பாறை நிழலில் தூக்குவாளியைத் திறந்து வெங்காயத்தோடு பழைய சோறு தின்போம். அந்த ருசி வேறு எங்கும் கிடைக்கவில்லை. (என் மனைவி இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.)

ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி ரோந்து போவது வேறு கதை. கணவாயில் பாறை உருளும், ஓரத்து மண் கரையும். அம்மா விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவர் விடியற்காலையில் நனைந்து வந்து, 'வண்டி போயிருச்சு' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படுப்பார்.

2010 டிசம்பர் 31-ம் தேதியோடு அந்த வண்டி நின்றது. அகலப்பாதையாக்கத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். அவரை வேறு பக்கம் மாற்றினார்கள், 2012-ல் ஓய்வு பெற்றார். பாதை கிடந்த இடத்தில் கருவேலம் முளைத்தது, ஆடு மேய்ந்தது. ரயில் இனி வராது என்று டீக்கடையில் யார் சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும். '1928-ல போட்ட லைனு. உலகப்போர் அன்னிக்கு இரும்புக்காகப் பிடுங்கிட்டுப் போனான். திரும்பவும் போட்டாங்கல்ல?' என்பார். அவர் சொன்னது சரிதான், ஆனால் பதினோரு வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டியிருந்தது. 2022 மே மாதம் தேனி வரை ரயில் வந்த அந்த வாரமே ஆண்டிபட்டியில் ஏறி மதுரைக்குப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வெளியே மலையைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டே வந்தார். 'கான்கிரீட் கட்டை, கிளிப்பு. சாவியே கிடையாது. இதுக்கு நம்ம சுத்தியல் தேவைப்படாது' என்றார். சந்தோஷமா வருத்தமா, எனக்குப் பிடிபடவில்லை. 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில் போனது, அதிலும் ஒரு நடை போய் வந்தார்.

அந்த வருடக் கடைசியில் பக்கவாதம். எதிர்வீட்டு அக்காதான் பார்த்துவிட்டு 108-க்கு அடித்தது. அரை மணி நேரத்துக்குள் தேனிப் பக்கத்துக் க.விலக்கு அரசு மருத்துவமனையில் இருந்தோம். அங்கே இரவு முழுக்க வாயில் வழிந்ததைத் துடைத்துவிட்ட செவிலியருக்கு எங்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் சித்தப்பா குழந்தை மாதிரி பொய் சொல்வார், 'காலைல ஒருதரம் செஞ்சுட்டேன்மா' என்று. அந்தப் பெண்ணும் நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு மறுபடி செய்யவைக்கும். அவருடைய பழைய கேங்க்கில் ஒருவர் மாதாமாதம் மதுரை ரயில்வே மருத்துவமனையில் மருந்து வாங்கி, போடி ரயிலிலேயே கொண்டுவந்து கொடுத்தார். டிக்கெட்டுக்குக் காசு நீட்டினால், 'பாஸ் இருக்கு' என்று கையைத் தட்டிவிடுவார். பதினைந்து மாதம் இப்படி.

ராத்திரியோடு ராத்திரியாக ஐஸ் பெட்டி பிடித்து வந்த தம்பிகள், பந்தல்காரர், மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியாதபடி சோறு கொண்டுவந்த தெருப் பெண்கள், குடும்பப் பென்ஷன் படிவத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டி நிரப்பிக்கொடுத்த ஓய்வுபெற்ற கிளார்க் ஐயா, எல்லாருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். விட்டுப்போன பெயர் இருந்தால் மன்னியுங்கள். நானும் அன்று முழு நினைவில் இல்லை.

கடைசியாக ஒன்று. கருமாதிக்கு வந்த பாத்திரங்களில் ஒரு பித்தளை அண்டாவும் இரண்டு ஜமுக்காளமும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன. அண்டாவின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் இனிஷியல் மட்டும்தான் தெரிகிறது, மீதி தேய்ந்துவிட்டது. யாருடையது என்று அம்மா தினமும் கேட்கிறாள். புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அம்மா, தங்கை, நான்.
ஆண்டிபட்டி