எரிந்த பிளேட்டை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வெளியே யாரிடமும் கொடுக்காமல் வீட்டுக் கொட்டகையிலேயே இறக்கிப் பிரித்து மாட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அளவெடுப்பதில் உனக்கு இருக்கும் பொறுமை எனக்குத் தெரியும். இந்த வேலைக்குக் கைவலிமையைவிட அதுதான் தேவை. ஆனால் ரிப்பேர் கிட்டுக்கு இப்போதே சொல்லிவிட்டதாக நீ எழுதியிருந்த வரி என்னைச் சற்று யோசிக்க வைத்தது. கிட்டில் கிளட்சுக்குள் உராய்ந்து பிடிக்கும் புதிய பிரிக்‌ஷன் பிளேட்டுகளும் சீல்களும் கேஸ்கட்டுகளும் வரும். பழைய பிளேட் எதனால் எரிந்தது என்பதற்கான விடை அதில் வராது. அந்த விடை கிடைக்காமல் புதியதை மாட்டினால், அதுவும் அதே காரணத்தால் எரியும்.

நீ சொன்ன அறிகுறிகளிலிருந்தே தொடங்குவோம். முதல் இரண்டு கியர்களில் வண்டி நன்றாக இழுக்கிறது. மூன்றாவதற்கு மாறியதும் எஞ்சின் மட்டும் இரைகிறது, வேகம் ஏறுவதில்லை. ரிவர்ஸ் தாமதமாகத்தான் பிடிக்கிறது. உன்னுடைய கியர்பாக்ஸ் பெட்டி 1969 மாடல் கார்களில் அறிமுகமான டர்போ ஹைட்ராமேட்டிக் 350. அதனுள் இருக்கும் பல கிளட்சுகளில் எந்தக் கியரில் எது பிடிக்கிறது என்னும் அட்டவணை அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது; அதைப் படியெடுத்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவை. ஃபார்வர்டு கிளட்ச் முன்னோக்கிய எல்லாக் கியர்களிலும் பிடித்திருக்கும். டைரக்ட் கிளட்ச் மூன்றாவதிலும் ரிவர்ஸிலும் மட்டுமே பிடிக்கும். முதல் இரண்டும் சரியாக இருந்து இந்த இரண்டு மட்டும் வழுக்குவதால், பெட்டியைத் திறக்காமலேயே டைரக்ட் கிளட்ச் மீது சந்தேகம் வைக்கலாம்.

எண்ணெய் அளவு அடிக்கடி குறைகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூடக் காணோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, உன் கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான். இந்தப் பெட்டியில் கணினி கிடையாது. வண்டியின் வேகத்தைக் கவர்னரும் எஞ்சின் மீதுள்ள பாரத்தை வேக்யூம் மாடுலேட்டரும் எண்ணெய் அழுத்தமாக மாற்றி வால்வு பாடிக்கு, அதாவது எண்ணெயைக் கிளட்சுகளுக்குத் திருப்பிவிடும் வால்வுத் தொகுதிக்கு, அனுப்புகின்றன. அந்த இரண்டு அழுத்தங்களில் எது மேலோங்குகிறதோ அதைப் பொறுத்துக் கியர் மாறுகிறது. மாடுலேட்டர் என்பது பெட்டியின் பக்கவாட்டில் பொருத்திய சிறிய தகரக் கூடு. எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் அதில் வந்து சேரும். பெட்டியை இறக்குவதற்கு முன் அந்த ஹோஸைக் கழற்றி, முனையை ஒரு வெள்ளைத் தாளில் தட்டிப் பார். சிவப்பு எண்ணெய் படிந்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்னும் ரப்பர் தடுப்பு கிழிந்திருக்கிறது; எஞ்சின் அந்த வழியாகவே கியர்பாக்ஸ் எண்ணெயை உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை வந்ததாக உனக்கு நினைவிருந்தால் சந்தேகமே வேண்டாம். தரையில் ஒழுகாமலேயே அளவு குறையும், எண்ணெயைத் தள்ளும் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், போதிய அழுத்தம் கிடைக்காத கிளட்ச் வழுக்கி வழுக்கிக் கருகும். மாடுலேட்டர் பெரும்பாலான கிட்டுகளில் வராது என்பதால் அதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

அதுவே முழுக் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. எண்ணெய் குறைந்தால் எல்லாக் கிளட்சுகளுக்கும் கேடுதான். அப்படியிருக்க டைரக்ட் கிளட்ச் முதலில் போயிருக்கிறது என்றால், அதற்கென்று தனியாக ஒரு கசிவு இருக்க வாய்ப்புண்டு.

இறக்கும் வேலையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றுவதும், வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டுகளில் அமர்த்துவதும் உனக்குத் தெரிந்தவையே. பெட்டி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் மூலம் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் சேர்ந்து வரும், எடை ஒரே பக்கமாகச் சாயும். எனவே கியர்பாக்ஸுக்கென்று உள்ள ஜாக்கியை வாடகைக்காவது எடுத்துக்கொள். பெட்டியின் அடியிலுள்ள ஆயில் பான் தட்டைக் கழற்றியதும் கழுவிவிடாதே. அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருந்தால் அது வயதுக்கு உரிய தேய்மானம். கருந்துகள்கள் பிளேட்டிலிருந்து வந்தவை. மஞ்சள் நிறத்தில் மின்னும் துகள் கண்டால் சுழலும் பாகத்தைத் தாங்கும் ஏதோ ஒரு புஷ் வளையம் அல்லது வாஷர் அரைபட்டிருக்கிறது.

டைரக்ட் கிளட்சின் பிளேட்டுகள் அடங்கிய டைரக்ட் டிரம்மை வெளியே எடுத்ததும் எரிந்த பிளேட்டுகளைப் பார்க்கும் ஆவலில் உடனே பிரித்துவிடாதே. பம்ப்பின் தண்டின் மீது டிரம்மை அப்படியே அமர்த்தி, அதன் எண்ணெய்த் துளை வழியாக 40 பி.எஸ்.ஐ. அளவில் காற்றைக் கொடுத்துப் பார். நல்ல நிலையில் உள்ள கிளட்ச் ‘டப்’ என்று ஒரே ஒலியுடன் பிடிக்கும். கசிவு இருந்தால் சீறல் கேட்கும். அந்தச் சீறல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்ள வேண்டியதே இந்த முழு வேலையின் மையம் என்று நான் நினைக்கிறேன். பிரித்துப் போட்ட பிறகு இந்தச் சாட்சி உனக்கு மீண்டும் கிடைக்காது.

சந்தேகிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. எண்ணெய் அழுத்தத்தால் நகர்ந்து பிளேட்டுகளை நெருக்கும் பிஸ்டனின் உள் சீல், வெளிச் சீல், நடுச் சீல் ஆகிய மூன்றின் உதடுகளையும் விரலால் மடக்கிப் பார். பல்லாண்டு வெப்பத்தில் வெந்த ரப்பர் வளையாமல் கட்டை தட்டியிருக்கும். தண்டிலுள்ள சீல் வளையங்கள் ஓடும் பரப்பில் நகத்தை ஓட்டிப் பார். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய வளையமும் அங்கே நிற்காது, டிரம்மையே மாற்ற வேண்டும். டிரம்மின் புஷ் தேய்ந்திருந்தால் டிரம் ஆடும், ஆடும் டிரம் வளையங்களைத் தின்றுவிடும். சாதாரணக் கிட்டில் புஷ் இருக்காது என்பதை மறந்துவிடாதே. இவற்றோடு, பலர் கவனிக்காமல் விடும் செக் பால் என்னும் சிறிய குண்டு ஒன்று இருக்கிறது. கிளட்ச் விடுபட்ட பிறகும் சுழலும் டிரம்முக்குள் தங்கிய எண்ணெய் மையவிலக்கு விசையால் பிஸ்டனை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த எண்ணெயை வெளியேற்றுவதற்காக அழுத்தம் இல்லாதபோது திறந்தும் அழுத்தம் வந்ததும் மூடியும் வேலை செய்வது அந்தப் பால். அது அழுக்கில் சிக்கித் திறந்தே நின்றால் கிளட்ச் முழுமையாகப் பிடிக்காது. மூடியே நின்றால் முழுமையாக விடாது. இரண்டிலும் முடிவு பிளேட் கருகுவதுதான். டிரம்மைக் கழுவியபின் அந்தப் பால் தன் இருக்கையில் தடையின்றி அசைகிறதா என்று உறுதிசெய்துகொள்.

மாட்டும்போது புதிய பிரிக்‌ஷன் பிளேட்டுகளை ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயில் குறைந்தது அரை மணி நேரம் ஊறவிடு. அவற்றுக்கு இடையிடையே வரும் ஸ்டீல் பிளேட்டுகளில் நீலம் பாய்ந்த புள்ளிகள் தெரிந்தால் அவற்றையும் சேர்த்து மாற்று. சீலின் உதடு எப்போதும் அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிஸ்டனை இறக்கும்போது அந்த உதடு மடிந்துவிடாமல் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டால் சுற்றிலும் உள்ளே தள்ளிக்கொடு. வாஷர்களையும் வால்வு பாடியின் பால்களையும் இடத்தில் நிறுத்தி வைக்க வாசலின் போதும்; பேரிங் கிரீஸைத் தொடாதே, அது எண்ணெயில் கரையாமல் துளைகளை அடைத்துவிடும். பிளேட்டுகள் வெளியே வராமல் பிடிக்கும் ஸ்னாப் ரிங்கைப் போட்டபின் இடைவெளியை அளந்து பார்: ஒரு பிரிக்‌ஷன் பிளேட்டுக்கு ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு, ஆனால் மேனுவல் சொல்வதே முடிவு. அதன்பின் முன்புபோலவே காற்றைக் கொடுத்துப் பார். இந்த முறை சீறல் இருக்கக் கூடாது.

வால்வு பாடியை எவ்வளவு சுத்தம் செய்தாலும் தகும். வால்வு ஒவ்வொன்றும் தன் எடையிலேயே துளைக்குள் வழுக்கி இறங்க வேண்டும். பஞ்சு உதிரும் பழைய துணி அந்த மேசைக்கு அருகிலேயே வரக் கூடாது. கியர் மாறும் தன்மையை மாற்றுகிறேன் என்று விற்கப்படும் ஷிஃப்ட் கிட்டுகளில் இப்போது உனக்கு ஆசை வேண்டாம். முதலில் பெட்டி தயாரித்தவர்கள் நினைத்தபடி ஓடட்டும்.

கன்வர்ட்டரைக் கழுவி மீண்டும் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடாது என்பதே என் கருத்து. பற்றவைத்து மூடிய கூட்டுக்குள் தங்கிய கரித்துகளை வீட்டில் வைத்து முழுவதும் எடுக்க முடியாது. அது முதல் நாளே நீ சுத்தம் செய்த வால்வு பாடிக்கு வந்து சேரும். எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்களையும் அதே காரணத்துக்காகக் கழுவ வேண்டும். புதிய கன்வர்ட்டரைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளும்போது அது படிப்படியாக இறங்கும். கடைசிப் படி பம்ப் கியரின் பள்ளத்தில் அமர்வது. அது அமராமலே பெட்டியை எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கினால் பம்ப் உடையும். போல்ட்டுகள் கையாலேயே இறங்கிப் பெட்டி எஞ்சினோடு படிந்த பின்னும் கன்வர்ட்டருக்கும் எஞ்சின் முனையிலுள்ள ஃபிளெக்ஸ் பிளேட் தகட்டுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும், கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். எங்காவது ஸ்பானரால் இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பெட்டியை மீண்டும் பின்னுக்கு எடு.

எண்ணெயைப் பாதியளவு ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டு வா. பிரேக்கை அழுத்தியபடி லிவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய், கடைசியில் ‘பார்க்’ நிலையில் நிறுத்து. எண்ணெய் சூடான பிறகு எஞ்சின் ஓடும் நிலையிலேயே டிப் ஸ்டிக்கைப் பார். கூடுதலாக ஊற்றினாலும் சுழலும் பாகங்கள் எண்ணெயை நுரைக்க வைத்துவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது.

ஹோஸ் முனையில் எண்ணெய் இருந்ததா என்பதையும், காற்று சீறிய இடம் எது என்பதையும், டிரம் புஷ்ஷில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதையும் எனக்கு எழுது. எந்தத் தடிமனில் ஸ்டீல் பிளேட் வாங்குவது, டிரம்மையே மாற்றுவதா என்பதை அதன்பிறகு சேர்ந்து முடிவு செய்யலாம்; அதுவரை கிட்டைப் பிரிக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா