எங்கள் 17 கோட்டைகளையும் திருப்பித் தாருங்கள்

ஆட்டத்தின் கதையை நடத்தும் அன்புள்ள டிஎம் அண்ணாவுக்கும், சனிக்கிழமை மேசையில் கூட இருக்கும் ஐந்து பேருக்கும்,

வணக்கம். இதை வாட்ஸ்அப்பில் போட்டால் யாராவது ஒருவர் சிரிக்கும் பொம்மையைப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி மடலாக எழுதுகிறேன்.

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக நாம் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், போன சனிக்கிழமை கல்லடி வீட்டு விறாந்தையில் நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஏறாவூர் நானாவின் மந்திரவாதி என் கோட்டைக்கு மேலே பறந்து வந்து ஒரு நெருப்புக் கோளம் போட்டார். "சரி, கோட்டை போச்சு" என்றீர்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மந்திரம் இருக்கிற ஊரில மதில் எதுக்கு? மறுகா கோட்டை ஒண்டும் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே டிப்பெக்ஸ் போத்தலை எடுத்தீர்கள். எங்கள் உலகப் படத்தில் இருந்த 17 கோட்டைகளும் என் கண் முன்னாலேயே வெள்ளையாகின. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் அண்ணா. வெள்ளைக்குக் கீழே என் பென்சில் கோடு இன்னும் தெரிகிறது.

அந்த ஒரு கோட்டையை வரைய எனக்கு ஐந்து வாரம் போனது. கணக்குக் கொப்பியில் ஒரு கட்டம் ஐந்து அடி. கிணறு எங்கே, நெல் அறை எங்கே, அகழித் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும், இரவுக் காவல் எத்தனை மணிக்கு மாறும் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். நம் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் பார்த்துத்தான் வரைந்தேன்: நான்கு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. கொத்தளத்துக்குப் பத்துப் பேராக 40 வில்லாளிகள். மந்திரவாதி வருகிறார் என்றதும் "நான் அம்பு விடலாமா?" என்று கேட்டேன். "தங்கச்சி, அது தேவையில்ல, கதை போகட்டும்" என்றீர்கள்.

ஒரு பகடை கூட உருட்ட விடவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

விதிப்புத்தகம் உங்கள் கையில்தான் இருந்தது. நெருப்புக் கோளம் 150 அடிக்குள்தான் போகும். நீள வில் 600 அடி வரை போகும், அதில் முதல் 150 அடிக்கு எந்தக் குறைப்பும் இல்லை. அப்படியென்றால் நானா நெருப்பைப் போட வர வேண்டிய இடம் என் ஆட்களுக்கு நன்றாகக் குறி பார்க்க வாய்த்த இடம். ஐந்தாம் படி மந்திரவாதி மூன்றாம் படி மந்திரத்தை இரண்டு தரம்தான் போடலாம்; ஒன்று பறக்கப் போனது, மற்றது நெருப்புக்குப் போனது. நெருப்பின் ஆரம் 20 அடி, ஒரு கொத்தளத்தில் நின்ற பத்துப் பேரும் செத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 30 பேர். அதில் ஓர் அம்பு பட்டுக் கவனம் சிதறினால் பறக்கும் மந்திரம் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். 100 அடியில் இருந்து விழுந்தால் பத்து ஆறுமுகப் பகடை உருட்டிய அளவு சேதம், சராசரி 35. நானாவிடம் இருந்த உயிர்ப்புள்ளி 27. அப்புறம், அந்த நெருப்பு எரியக்கூடிய பொருளைத்தான் பற்றவைக்கும் என்று விதியே சொல்கிறது. கல் மதில் எப்படி அண்ணா இடிந்தது?

நானாவில் எனக்குக் கோபம் இல்லை. அவர் தன் ஆட்டத்தை ஆடினார்.

நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வானத்தில் பறப்பவன் இருக்கிற உலகத்தில் உயரமான கோபுரமும் திறந்த முற்றமும் கட்டுபவன் மடையன்தான். ஆனால் பீரங்கி வந்தபோது என்ன நடந்தது? 1453 இல் கொன்ஸ்தாந்திநோபிள் மதிலைப் பீரங்கிகள் உடைத்தன. அதற்காக உலகம் கோட்டை கட்டுவதை விட்டுவிடவில்லை. மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கி, மூலைகளில் கொத்தளம் வைத்துக் கட்டினார்கள். நம் ஊர்க் கோட்டையே பீரங்கிக் காலத்துக் கோட்டைதானே. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795 இல் ஆங்கிலேயரிடம் போனது. விழாத கோட்டை என்று நான் சொல்லவே இல்லை. வேண்டுமானால் என் முற்றத்துக்கு ஓட்டுக்கூரை போடுங்கள், நெல் அறையை நிலத்துக்குக் கீழே இறக்குங்கள், சம்மதம். அழிக்க மட்டும் வேண்டாம்.

கோட்டை டிராகனுக்காகக் கட்டுவதும் இல்லை. படுவான்கரையில் பெரியப்பாவின் வயலுக்கு வருசம் ஒரு முறையாவது யானை வரும். வந்தால் வேலி ஒரு கணக்கே இல்லை, முள்ளுக்கம்பியும் கட்டையும் அப்படியே சரிந்து கிடக்கும். பெரியப்பா வாடியில் இருந்து யானைவெடி போட்டுக் கத்துவார், விடிந்ததும் அதே இடத்தில் திரும்ப வேலி போடுவார். ஏன்? மாடு ஒவ்வொரு நாளும் வரும். நம் உலகத்திலும் டிராகன் எப்போதாவதுதான் வருகிறது. கொள்ளைக்காரனும் பக்கத்து ஊர்ச் சிற்றரசனும் ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிறார்கள். ஆயிரம் பேர் வந்தால் 40 பேர் வெட்டவெளியில் நின்று என்ன செய்வது? 1294 இல் வேல்சில் ஹார்லெக் கோட்டையை 37 பேர் வைத்துக் காப்பாற்றினார்கள், சாப்பாடு கடல் வழியாக வந்தது. என் கோட்டையில் வாவிப் பக்கம் ஒரு சின்ன வாசல் வைத்ததும் அதற்காகத்தான். அதைக் "குளிக்கப் போற வாசலா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

மந்திரம் எல்லாவற்றையும் வீணாக்கும் என்றால் மற்றதெல்லாம் ஏன் வீணாகவில்லை? பறக்கிற ஆள் இருக்கிற உலகத்தில் ஆறு தாண்ட ஒவ்வொரு முறையும் எங்களிடம் தோணிக்காரன் இரண்டு வெள்ளிக்காசு வாங்குகிறான். கடைக்காரன் கதவுக்குப் பூட்டுப் போடுகிறான். அரசன் வாசலில் இரண்டு பேர் ஈட்டியோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு டிப்பெக்ஸ் இல்லையா? உண்மையான கோட்டை பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடிதத்துக்காக நான் ஐந்து தரம் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தைக் காட்டுகிறேன். அகழி இல்லை, முதலை இல்லை. ஒரு மேசை, "ஐயா சாப்பிடப் போயிட்டார்" என்று ஒரு குரல். எந்தப் படி மந்திரவாதியும் அதைத் தாண்ட மாட்டான்.

மன்னிக்கவும், மடல் வேறெங்கோ போய்விட்டது.

தயவாகக் கேட்கிறேன் அண்ணா. அந்த 17 கோட்டைகளையும் படத்தில் திரும்ப வையுங்கள். என் கோட்டை மீதான தாக்குதலை மட்டும், அம்பு விடும் கட்டத்தில் இருந்து, மறுபடி ஆட விடுங்கள். அதில் நான் தோற்றால் போத்தலை நானே திறந்து தருகிறேன்.

வரும் சனிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன். டிப்பெக்ஸ் சுரண்ட பிளேட் நான் கொண்டு வருவேன். நீங்கள் படத்தை மறக்காமல் எடுத்து வையுங்கள். நானா, 27 உயிர்ப்புள்ளியையும் திரும்ப எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மேசையின் கடைசிக் கதிரையில் இருக்கும் தங்கச்சி
மட்டக்களப்பு