சிவப்புப் பையும் மஞ்சள் பையும்: மருத்துவம் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. ஜூன் 5 அன்று உங்கள் விடுதி வளாகத்தில் நீங்கள் மரக்கன்று நட்ட படங்களை அப்பா தெருவில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டார். விடுமுறை நாள்களில் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று இப்போதே முறை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் உனக்கு வார்டுப் பயிற்சி தொடங்குகிறது என்று சொன்னாய் அல்லவா, அதனால்தான் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறேன். ஒரு மருத்துவரால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வரும் நன்மையும் கெடுதலும் பெரும்பாலும் நோயாளியின் கட்டிலருகே இருக்கும் குப்பைக்கூடையில்தான் தொடங்குகின்றன என்பதை 32 ஆண்டு செவிலியர் பணியில் நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், ஒருநாள் இரவு, ஒரு பயிற்சி மருத்துவர் நோயாளிக்கு இரத்தம் எடுத்துவிட்டு, ஊசியைப் பஞ்சில் சுற்றிச் சாதாரணக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். தூக்கமில்லாத மூன்றாவது இரவு அவருக்கு. விடியற்காலையில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா, பை நிரம்பி வழிந்ததால் உள்ளங்கையால் அமுக்கிக் கட்டப் போனார். கட்டைவிரலின் அடிப்பகுதியில் ஊசி ஏறிவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவியபடியே, “சிஸ்டர், இது யாருக்குப் போட்ட ஊசின்னு தெரியுமா?” என்று கேட்டார். வார்டில் அன்று 40 பேர் இருந்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எச்.ஐ.வி. தொற்றிவிடாமல் இருக்க 28 நாள் மாத்திரை சாப்பிட்டார். வயிற்றுப் புரட்டலோடு ஒருநாள் விடாமல் வேலைக்கும் வந்தார், ஏனென்றால் வராத நாளுக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு பரிசோதனை முடிவுக்கும் ஆய்வகத்தின் வாசல் பெஞ்சில் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மருத்துவரோ வேறு பிரிவுக்கு மாறிப் போய்விட்டார். அவரைத் தேடிப் போய் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு.

இப்போது 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. பாடத்திலும் படித்திருப்பாய், இருந்தாலும் கை பழகும் வரை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள். இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும், காலாவதியான மருந்தும் மஞ்சள் பைக்கு, அவை எரிக்கப்படும். குளுக்கோஸ் ஏற்றிய குழாய், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை ஆகியவை சிவப்புப் பைக்கு. அவற்றை நீராவியில் கிருமி நீக்கி, துண்டுதுண்டாக்கி, மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கு, மருந்துக் குப்பி போன்ற கண்ணாடிகள் நீலப் பெட்டிக்கு. மருத்துவமனைக் குப்பையில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்றதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாத்திரை அட்டை, காகிதம், சாப்பாட்டுப் பொட்டலம் என்று அப்படிப்பட்டதில் இரத்தம் தோய்ந்த ஒரே ஒரு பஞ்சு விழுந்துவிட்டால், அந்தப் பை முழுவதும் தொற்றுக் கழிவாகிவிடுகிறது. சிவப்புக்கு உரிய பிளாஸ்டிக்கை மஞ்சளில் போட்டால் அதுவும் உலைக்குப் போகிறது, அதில் இருக்கும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை சரியாக எரியாதபோது டையாக்சின் என்ற நஞ்சு புகையோடு வெளியேறி, அந்த உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் காற்றிலும் கறவை மாடு மேயும் புல்லிலும் படிகிறது. பிரிக்கும் வேலை பொருள் கையை விட்டுப் போகும் அந்த நொடியிலேயே நடக்க வேண்டும். பிறகு பிரிப்பதென்றால் அந்த அக்காவைப் போன்ற ஒருவர் பைக்குள் கையை விட்டுத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

நான் 1985-இல் பணியில் சேர்ந்தபோது கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். ரப்பர் கையுறைகளைக் கழுவி, உலர்த்தி, பவுடர் தூவி அடுக்குவது இரவுப் பணிக்காரர்களின் வேலை. குப்பை மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த செய்தி வந்தபோது, ஊசியைக் கையில் எடுக்கவே எங்களுக்கு நடுங்கியது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நான் வருந்துவது தேவையில்லாமல் வீணாக்குவதைப் பற்றித்தான். நாடி பார்க்கக் கையுறை எதற்கு? கையை நன்றாகக் கழுவினால் போதும். இருக்கட்டும் என்று கிருமி நீக்கிய பொட்டலங்களைப் பிரித்து வைத்துவிட்டு அப்படியே பையில் தள்ளுவதையும், நேற்று எடுத்த பரிசோதனையையே ஏட்டைப் புரட்டிப் பார்க்காமல் இன்றும் எழுதுவதையும் பழகிக்கொள்ளாதே.

மருந்தும் அப்படித்தான். டைக்ளோபினாக் பற்றிப் படித்திருப்பாய். வலிக்காக மாட்டுக்குப் போட்ட அந்த மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகப் பிணந்தின்னிக் கழுகுகளுக்குள் போய், சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றை ஏறக்குறைய அடியோடு அழித்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015-இல் அந்த ஊசிமருந்தை 3 மில்லி குப்பியோடு கட்டுப்படுத்தினார்கள். முதுமலைப் பக்கம் எஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது, மீந்த மருந்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதே. மயக்கவியல் பிரிவுக்குப் போகும்போது டெஸ்ஃபுளூரேன் என்ற மயக்க மருந்தைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள். ஒரே எடை கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. ஸ்காட்லாந்து 2023-இல் அதன் பயன்பாட்டை நிறுத்தியது.

மூத்த மருத்துவர் தவறான கூடையில் ஊசியைப் போட்டால் நீ எப்படிச் சொல்வது என்று கேட்பாய். எதிர்த்துப் பேச வேண்டாம்; வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் வை. நான் பல முறை செய்திருக்கிறேன், பெரும்பாலும் பலித்தது.

முதல் நாள் வார்டுக்குப் போனதும் பை எடுக்க வருபவர் யார் என்று கேட்டு அவருடன் பேசு. அவருக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, ஹெபடைடிஸ் பி ஊசி, போட்டிருக்கிறார்களா என்றும் விசாரி. போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்கு அவருடைய பெயரைச் சொல்.

அன்புடன்,
அம்மா